பொலேரோ, கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லோஸ் பாஞ்சோஸ் என்ற மூவர் குழுவின் பழைய பொலேரோக்களை (ஸ்பானிய மொழிக் காதல் பாட்டுகள்) கிட்டாரில் வாசித்துப் பாடிப் பார்க்கிறேன். கார்டுகள் (சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரிவுத்துயர் வரவில்லை. உருக்கமாக வாசிக்க வாசிக்க வெறும் இழுவையாகிறது. அவர்களிடம் உள்ள சின்ன கிட்டார் என்னிடம் இல்லாததுதான் காரணமா? இங்கே கடைகளில் அது கிடைக்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிட்டார் காரணமில்லை. உருக்கத்தைத் தாளத்தில் போடுகிறீர்கள். பொலேரோவில் தாளம் யாருக்காகவும் நிற்காது, பாடுபவர்தான் பின்தங்குவார். இரண்டும் சேர்ந்து தயங்கினால் நீங்கள் சொல்லும் இழுவைதான் மிஞ்சும்.

முதலில் கட்டைவிரலைச் சரிசெய்யுங்கள். நான்கு தட்டில் பாஸ், அதாவது கட்டைவிரல் மீட்டும் கனத்த கம்பி ஒலி, விழுவது 1, 3, 4இல் மட்டும். முதல் அடி இரண்டு தட்டு நீளம், இரண்டாம் தட்டில் பாஸ் கிடையாது. மற்ற விரல்கள் அரைத்தட்டுகளை நிரப்பட்டும், மராக்காஸ் என்ற கிலுகிலுப்பை செய்வதுபோல எட்டையும் ஒரே சீராக. பழக்கதோஷத்தில் 2இலும் 4இலும் அழுத்தினால் அது பாப் பாட்டாகிவிடும். (இணையத்தில் தேடும்போது கவனம்: ஸ்பெயினின் பொலேரோ மூன்று தட்டு நடனம். இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியூபாவின் சாந்தியாகோவில் பிறந்த வேறு சரக்கு.)

பிறகு பாட்டு. தட்டு எண்ணும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 90 தட்டில் வைத்து, வரியைத் தட்டுக்குத் தட்டு பேசிப் பாருங்கள். அடுத்த சுற்றில் அதே வரியை அரைத்தட்டு தள்ளித் தொடங்கி, நடுவில் சொற்களை நெருக்கி, அடுத்த வரி தொடங்கும் முன் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கடைசிச் சொல் அடுத்த வரியின் கார்டுக்குள் வழிந்தால் பாட்டு கழன்றுவிடும். எவ்வளவு தாமதம் தாங்கும் என்று அறிய மெக்சிகப் பாடகர் லூயிஸ் மிகேலின் 1991 ஆல்பம் ‘ரொமான்ஸ்’ கேளுங்கள். பொலேரோ இசையமைப்பாளர் ஆர்மாந்தோ மன்சானேரோவும் சேர்ந்து தயாரித்தது. வயலின் கூட்டம் எனக்குக் கொஞ்சம் திகட்டும், ஆனால் குரல் பாடம்.

கையெல்லாம் சரியாக இருந்தும் பாட்டு தட்டுத் தவறும் இடம் ஒன்று உண்டு. நம் நாக்கு இரண்டு உயிர் சந்தித்தால் உடம்படுமெய் போட்டுப் பிரித்துவிடும். ஸ்பானியப் பாடகர் இரண்டையும் ஒரே அசையில் அடைப்பார். ‘மி அல்மா’ (என் உயிர்) என்பது பாடும்போது இரண்டே அசை: ‘ம்யல்-மா’. நீங்கள் ‘மி-யல்-மா’ என்று மூன்றாக்கினால் ஓர் அரைத்தட்டு கூடிவிடும். அதன்பின் வரும் தாமதம் நீங்கள் வைத்ததல்ல, வழுக்கியது.

இனி அந்தச் சின்ன கிட்டார், ரெக்கிந்தோ. 1944இல் நியூயார்க்கில் சேர்ந்த லோஸ் பாஞ்சோஸின் அல்ஃப்ரெதோ ஹில்தான் அதை இந்த இசையில் நிலைநிறுத்தினார். சாதாரண கிட்டாரைவிட நான்காம் ஸ்வரம் உயரம்: கனத்த கம்பியிலிருந்து ஏ, டி, ஜி, சி, ஈ, ஏ. ஆகவே உங்கள் நைலான் கிட்டாரில் ஐந்தாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டை) கேபோ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போட்டால் அதே சுருதி. கூட வாசிக்கும் நண்பர் சாதாரண கிட்டாரில் ஏ மைனர், டி மைனர், ஈ7 கார்டுகளைப் பிடிக்கும்போது நீங்கள் ஈ மைனர், ஏ மைனர், பி7 வடிவங்களைப் பிடியுங்கள். குறை ஒன்றுதான்: கிளாசிக்கல் கிட்டாரில் கழுத்து உடலோடு சேர்வது 12ஆம் ஃப்ரெட்டில். கேபோ எடுத்துக்கொண்டது போக ஏழு ஃப்ரெட்தான் கைக்கு எளிதாக எட்டும், அதற்குமேல் கிட்டாரின் தோள் இடிக்கும். அந்தத் தோளை வெட்டிய கட்அவே கிட்டார் கிடைத்தால் நல்லது. கேபோ இறுக்கியதும் மறுபடி டியூன் செய்யுங்கள், கனத்த கம்பிகள் சற்று ஏறியிருக்கும்.

ரெக்கிந்தோ பகுதியை வாசிக்க வேண்டிய இடம்: முன்னிசை, நடுவில் ஒரு சுற்று, வரி முடிந்து பாடகர் மூச்செடுக்கும் இடைவெளி. அவர் வாய் திறந்ததும் நிறுத்துங்கள். தனியாளாகப் பாடி வாசிக்கும்போது ரெக்கிந்தோ அலங்காரத்தையும் பாஸையும் ஒரே கையில் பிடிக்கப் பார்க்காதீர்கள். அலங்காரத்தை விடுங்கள், பாஸை விடாதீர்கள்.