கையை விட்டுப் போன வேலை

அன்புள்ள ஐயா,

கோவையில் பம்ப் செய்யும் ஆலையொன்றில் பன்னிரண்டு வருடம் லேத்தில் நின்றவன் நான். எந்த மெஷின் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு மாதம் முன்பு மேனேஜர் ஆக்கினார்கள். இப்போது நாள் முழுக்க மீட்டிங்கும் கணக்கும்தான். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, இன்று என்ன செய்தேன் என்று சொல்ல ஒன்றுமில்லை. பழைய வேலையையே கேட்டுவிடலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் நினைவுதான் வந்தது. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் கர்டர்களில் (பாலத்தைத் தாங்கும் உத்திரங்களில்) பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. ஆறு மாதத்தில் சரிசெய்ய வேண்டும் என்றது ரயில்வே. மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். 32 வயது ஸ்ரீதரன், விழுந்த கர்டர்களைக் கடலிலிருந்தே தூக்கியெடுத்து, 46 நாளில் முடித்துக் காட்டினார். நீங்கள் லேத்தில் நின்ற காலம் போன்றது அது.

1990இல் கொங்கண் ரயில் பாதை போடும் பொறுப்பு அவரிடம் வந்தபோது வயது 58. மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூர் அருகே வரை, மலையும் ஆறுமாக 700 கிலோமீட்டருக்கு மேல். எல்லா இடத்திலும் அவரே போய் நிற்க முடியாது. பாதையை ஏழு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு தலைமைப் பொறியாளரிடம் ஒப்படைத்தார். பாம்பனைவிட இதுதான் கடினமான வேலை என்று எனக்குப் படுகிறது. கோவாவின் பெர்னெம் சுரங்கத்தில் தோண்டத் தோண்ட மண் சரிந்தது. 'தள்ளு, நான் பார்க்கிறேன்' என்று இறங்கிவிட எவருக்கும் கை துறுதுறுக்கும்.

எனக்குத் துறுதுறுத்தது. சிறிய குழு ஒன்றைப் பார்த்துக்கொண்ட காலத்தில், ஓர் இளைஞர் எழுதிக் கொடுப்பதை இரவில் உட்கார்ந்து முழுக்க மாற்றிவிடுவேன். உதவி செய்வதாகவே நினைத்தேன். போகப்போக அவர் ஏனோதானோவென்று எழுதிக் கொடுத்தார். கேட்டதற்கு, "எப்படியும் நீங்க மாத்திடுவீங்களே சார்" என்றார். அவருக்கு வீணான அந்த ஒரு வருடம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதனால் பழைய வேலையைக் கேட்காதீர்கள். மெஷினின் சத்தம் லேசாக மாறினாலே உங்களுக்குத் தெரிந்துவிடும் இல்லையா? அந்தக் காது இப்போது லேத்தில் நிற்கும் பையனுக்கு வர வேண்டும். ஒன்றிரண்டு ஜாப் (லேத்தில் கடையும் உருப்படி) ரிஜெக்ட் ஆகட்டும். பக்கத்தில் நில்லுங்கள், கையிலிருந்து பிடுங்காதீர்கள்.

இன்னொன்று. 2009 ஜூலையில் டெல்லி ஜம்ருத்பூரில், கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ பாலம் சரிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்போது டெல்லி மெட்ரோவின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்ரீதரன் அன்றே தார்மிகப் பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார். அரசு ஏற்காததால் மறுபடி பணிக்குத் திரும்பினார். அந்தப் பாலத்தில் அவர் கைபட்ட வேலை எதுவும் இல்லை. ஆனாலும் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்று நினைத்தார். மேனேஜரின் வேலையில் பாதி இதுதான்.

அந்தப் பையன் ஒரு ஜாப்பைக் கெடுத்த அன்று முதலாளி அறைக்கு யார் போனீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.