கேளுங்கள், சொல்கிறோம்: சேர்ந்திசை

கேள்வி: 6, 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு மோகன ராகத்தில் ஒரு பாட்டை இரண்டு குரலாக (ஒரு குழு மெட்டையும், மற்றொரு குழு அதோடு இசையும் வேறு மெட்டையும்) சொல்லித் தருகிறேன். இரண்டாம் வரிக்குள் எல்லாரும் ஒரே மெட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். உணர்ச்சியோடு பாடச் சொன்னால் சத்தம்தான் கூடுகிறது. என்ன செய்யலாம்?
— இசை ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: முதல் மெட்டு காதில் ஊறிவிட்டது, இரண்டாவது நேற்று வந்தது. பிள்ளைகள் தாவத்தான் செய்வார்கள். வரிசையை மாற்றுங்கள். இரண்டாம் குரலை முதலில், 24 பேருக்கும், அதுவே தனிப் பாட்டு என்பதுபோலச் சொல்லிக்கொடுங்கள். அது மனப்பாடமான பிறகு முதல் மெட்டு. பிரிக்கும்போது இரண்டாம் குரலுக்கு 14 பேர், மெட்டுக்கு 10 பேர். நன்றாகப் பாடுபவர்களையெல்லாம் மெட்டில் சேர்த்துவிடாதீர்கள்.

மோகனத்தில் ம, நி என்ற இரண்டு ஸ்வரங்களும் இல்லை. அதனால் 'ஒரு ஸ்வரம் விட்டு மேலே' என்ற கணக்கு எல்லா இடத்திலும் ஓடாது. மெட்டு சவில் நிற்கும்போது இரண்டாம் குரல் கவில் நிற்கட்டும். மெட்டில் ரியோ கவோ வந்தால் இரண்டாம் குரலில் ப, பவோ தவோ வந்தால் மேல் ச. சுருதி 2 கட்டை (கீபோர்டில் D) போதும். நீண்டு நிற்கும் ஸ்வரங்களில் இரு குரலும் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) கொடுத்தால் இசைவு கலங்கிவிடும். அங்கே அசைக்காமல் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். கீபோர்டையும் மூடிவையுங்கள். அதன் க, தம்புராவோடு இயல்பாகச் சேரும் கவைவிடச் சற்றுக் கூடுதல். மெட்டையும் அதில் வாசித்தால் பிள்ளைகளை அது இழுத்துக்கொள்ளும்.

உணர்ச்சி சொல்லிலிருந்து வரவேண்டும். மெட்டில்லாமல் வரியைப் பேசச் சொல்லி, பொருள் முடியும் இடத்தில் மட்டும் மூச்சுக்குறி போடுங்கள். குறிலை நீட்டினால் 'மனம்' 'மானம்' ஆகிவிடும். 24 வாயில் அது இன்னும் உரக்கக் கேட்கும். இழுக்க வேண்டுமானால் இரண்டாம் அசையை இழுங்கள். 'னஅ' என்று மூன்று எண்ணிக்கை, நான்காவதில் கைச்சைகைக்கு எல்லாரும் சேர்ந்து 'ம்'. மெல்லப் பாடும்போது சுருதி இறங்குவது மூச்சையும் தளர்த்திவிடுவதால்தான். குரல் குறையலாம், மூச்சின் பிடி குறையக்கூடாது. பாரதியார் பாடல்களுக்கு இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் அமைத்த சேர்ந்திசையைக் கேட்க வையுங்கள். விளக்கத்தைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.

கேள்வி: 13 வயதுப் பையனுக்குக் குரல் உடைகிறது. குழுவிலிருந்து எடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து எடுக்காதீர்கள். சிரமமில்லாமல் வரும் நான்கைந்து ஸ்வரங்களுக்குள், கீழ் ஸ்தாயியில் சவையோ பவையோ நீட்டிப் பிடிக்கும் வேலையைக் கொடுங்கள். எட்டாத ஸ்வரத்தை முக்கிப் பாடவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள். எல்லை மாறிக்கொண்டே இருக்கும்.