நிதி அறிக்கை தயாரிக்கும் பணி: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.காம். முடிக்கவிருக்கும் தங்கள் மகள் உற்பத்தி நிறுவனமொன்றில் நிதி அறிக்கை தயாரிக்கும் பணியை விரும்புவதாகவும், வங்கித் தேர்வே பாதுகாப்பானது என்று தாங்கள் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தங்கள் கவலை நியாயமானதே; ஆயினும் அந்தப் பணியை வெறும் எழுத்தர் வேலையாக எண்ணிவிட வேண்டாம்.

கடன் கொடுப்பவரும் பங்கு வாங்குபவரும் தமக்குத் தெரியாதவற்றுக்கும் சேர்த்தே விலை வைக்கிறார்கள். இயந்திரங்களின் வயது, தேங்கிய சரக்கு, ஓரிரு வாடிக்கையாளரையே நம்பியிருக்கும் நிலை ஆகியவை அறிக்கையில் தெளிவாக இல்லையென்றால், அந்த ஐயம் வட்டியில் ஏறிவிடும். 50 கோடி ரூபாய்க் கடனில் அரை சதவீதம் குறைந்தாலே ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் மிச்சமாகும்.

கணக்கியல் ஆய்வாளர் கிறிஸ்டின் போட்டோசன், 122 உற்பத்தி நிறுவனங்களின் 1990ஆம் ஆண்டறிக்கைகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு இங்கே பொருந்தும். சந்தைப் பகுப்பாய்வாளர்களின் கவனத்தை அதிகம் பெறாத நிறுவனங்களில், கூடுதல் விவரம் வெளியிட்டவற்றின் பங்கு மூலதனச் செலவு, அதாவது பங்குதாரர்கள் தம் முதலீட்டுக்கு எதிர்பார்க்கும் வருவாய் விகிதம், குறைந்திருந்தது. பலரும் கவனித்துவந்த நிறுவனங்களில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. புகழ்பெற்ற பெரிய நிறுவனத்தைவிட, கோவையிலோ ஓசூரிலோ உள்ள நடுத்தர நிறுவனத்துக்கே நல்ல அறிக்கை அதிகம் பயன்படும் என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிக்கையால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டி விகிதம்) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட்டுள்ளன. ரெப்போவை எந்த ஆலையாலும் குறைக்க முடியாது; அதன்மேல் வங்கி வைக்கும் கூடுதல் விகிதத்தில்தான் நிறுவனத்தின் நம்பகத்தன்மை பேசும். கடன்சுமை மிகுந்த நிறுவனத்தை அழகான அறிக்கை காப்பாற்றாது.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்களுக்கு, மின்சாரம், தண்ணீர், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றைத் தெரிவிக்கும் நிலைத்தன்மை அறிக்கையை 2022-23 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கட்டாயமாக்கியுள்ளது. இந்த எண்கள் உற்பத்திக் கூடத்திலிருந்து வர வேண்டியவை. அவற்றைத் திரட்டிச் சரிபார்க்க, கணக்கும் தொழிலும் ஒருங்கே அறிந்தவர்கள் தேவை.

ஆகவே, பட்டம் பெற்றதும் சி.எம்.ஏ. (செலவு, மேலாண்மைக் கணக்கியல்) படிப்பின் இடைநிலையில் நேரடியாகச் சேரட்டும். வங்கித் தேர்வையும் கைவிட வேண்டியதில்லை. வங்கியின் கடன் பிரிவிலும் இவ்வறிக்கைகளையே வாசிக்கிறார்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது, தனக்குப் பிடித்த ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்து, அதில் எது சொல்லப்படவில்லை என்று குறித்துவரச் சொல்லுங்கள். அதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்.