அரங்கேற்றப் படங்களில் கை கால் கலங்குவது ஏன்?

கேள்வி: மகளுக்கு அடுத்த மாதம் பரதநாட்டிய அரங்கேற்றம். ஒத்திகையின்போது 18-55 மி.மீ. லென்ஸில், கேமராவை ஆட்டோ முறையில் வைத்து எடுத்த படங்களில் கைகளும் கால்களும் கலங்கியிருக்கின்றன. லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தும் ஏன் இப்படி? எந்த ஷட்டர் வேகம் சரி?

பதில்: அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும். மகளின் கை அசைவை நிறுத்துவது ஷட்டரின் வேலை. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் கை, 1/60 வினாடிக்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/500 என்றால் 6 மில்லிமீட்டர்தான். எனவே விரைவான அடவுகளுக்கு (கை கால் சேர்ந்த அடிப்படை ஆட்ட அசைவுகள்) 1/500 வையுங்கள், துள்ளல்களுக்கு 1/800. பதம் போன்ற மெதுவான உருப்படிகளில் அபிநயம் செய்யும்போது 1/200 போதும்.

ஆனால் கச்சேரி முழுவதும் 1/500-ஐப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தாளச் சொற்கட்டான ஜதியை முடித்துவைக்கும் தீர்மானம் நிறைவடையும் இடத்தில் நாட்டியக்காரர் ஒரு கணம் சிலையாக நிற்பார். அங்கே 1/160-இலேயே விரல் நுனி வரை தெளிவாக வரும். ஜதி எங்கே முடிகிறது என்பது, மாதக்கணக்கில் வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு நன்றாகவே தெரியும். வாடகைக்கு வரும் புகைப்படக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

வேகத்தைக் கூட்டினால் வெளிச்சம் குறையும். உங்கள் லென்ஸை 55-க்கு நீட்டினால் அதன் துளை எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் 1/40 கிடைக்கும் இடத்தில் இதில் 1/400 கிடைக்கும். ஒரு மாலைக்கு இரவல் வாங்கினாலும் சரி, இதைத்தான் முதலில் தேடுவேன். அதன் பிறகும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை ஏறினால் கவலைப்படாதீர்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய முத்திரையை எந்த மென்பொருளாலும் சரிவர மீட்க முடியாது.

ஆட்டோவை விட்டு, ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் முறைக்கு வந்துவிடுங்கள். பின்னால் கறுப்புத் திரை இருந்தால் மேடையே இருட்டு என்று கேமரா எண்ணிவிடும். ஆட்டோவில் அது ஷட்டரை மெதுவாக்கும், முகமும் வெளுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒளித் திருத்தத்தை மைனஸ் 1-க்கு இறக்கிப் பாருங்கள்.

எல்.இ.டி. விளக்குகள் உள்ள அரங்கில் 1/500-இல் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரில் இந்தப் பட்டைகள் மோசமாகத் தெரியும். இயந்திர ஷட்டருக்கு மாற்றுங்கள். அதிலும் போகாவிட்டால் 1/100-க்கு இறங்கி, தீர்மானங்களை மட்டும் குறிவையுங்கள். மேடை ஒத்திகை அன்றே, அரங்கேற்றத்துக்குப் போடப்போகும் அதே விளக்குகளை எரியவிட்டு இதைச் சோதித்துவிடுங்கள்.