இணையதளத்துக்கு ரெடிமேட் கட்டுரைகளை விலைக்கு வாங்கிப் போடலாமா?

புதிதாக ஒரு தளம் தொடங்குகிறீர்கள். நூறு கட்டுரை கொண்ட தொகுப்பு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கிப் போட்டால் வழக்கு வருமா, கூகுள் தண்டிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறையாக விற்பவரிடம் வாங்கினால் வழக்கு வராது. அதே கட்டுரை வேறு தளங்களிலும் இருக்கிறது என்பதற்காக மட்டும் கூகுளும் தண்டிக்காது. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வாங்கிப் போட்டுப் பார்த்தவன் நான்.

2018 பிப்ரவரியில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவை தமிழுக்கும் வந்தது. தமிழில் எழுதினாலும் காசு பார்க்கலாம் என்ற பேச்சு எங்கும் அடிபட்ட நேரம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கைந்து தொட்டிகள் இருந்தன. அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு மாடித்தோட்டத்துக்கு ஒரு தளம் தொடங்கிவிட்டேன். எழுத நேரமில்லை. முப்பது டாலருக்கு நூறு ஆங்கிலத் தோட்டக் கட்டுரைகள் கிடைத்தன, அன்றைய கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்ச் சொச்சம். பி.எல்.ஆர். என்பார்கள் இந்தச் சரக்கை. வாங்கியவர் தன் பெயரிலேயே போட்டுக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், பெரும்பாலும் மொழிபெயர்க்கவும் செய்யலாம். அதே தொகுப்பை விற்பவர் இன்னும் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்வார், அவ்வளவுதான். கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்து, மாலை வேளைகளில் எழுத்துப்பிழை மட்டும் திருத்தி, பத்தே நாளில் நூறையும் ஏற்றிவிட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மாதம் கழித்துச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மையார் மின்னஞ்சல் அனுப்பினார். தக்காளிக் கட்டுரையில் ஒரு வரி: "கடைசி உறைபனி கழிந்து இரண்டு வாரம் ஆன பின்பே நாற்றுகளை வெளியில் நடவும்." அதைச் சுட்டிவிட்டு, "தம்பி, எங்கள் ஊருக்குக் கடைசி உறைபனி எந்தத் தேதி என்று எங்கே பார்ப்பது?" என்று கேட்டிருந்தார். கிண்டல் துளியும் இல்லாத கேள்வி. மார்கழி விடியற்காலையிலேயே இருபது டிகிரியை ஒட்டி நிற்கும் சீமையில் உறைபனிக்குத் தேதி கேட்கும்படி ஒரு மனுஷியை நான் வைத்துவிட்டேன்.

அன்றிரவுதான் நூறு கட்டுரைகளையும் முதன்முதலாகப் படித்தேன். ஆமாம், முதன்முதலாக. "உங்கள் மண்டலம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பாதிக் கட்டுரைகளில் இருந்தது. அமெரிக்க வேளாண் துறை அந்த நாட்டைக் குளிர்காலக் கடுங்குளிரின் அளவை வைத்து 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது; கட்டுரை சொன்னது அந்த மண்டலத்தை. இன்னொன்றில், "வெயில் ஏறினால் கீரை தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும்" என்று கண்டேன். கீரை முற்றிப் பூவெடுப்பதற்கு ஆங்கிலத் தோட்டக்காரர்கள் சொல்லும் சொல்லுக்குத் தாழ்ப்பாள் என்றும் ஒரு பொருள் உண்டு. கணினி அதைப் பிடித்துக்கொண்டது. என் கண்ணில் மட்டும் ஒரு மாதமாக அது படவில்லை. மண் கலவைக்குக் குளிர்நாட்டுச் சதுப்புப் பாசியைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. இங்கே பொள்ளாச்சியிலிருந்து தென்னைநார்க் கழிவு கட்டிக் கட்டியாக வந்து இறங்குகிறது. அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

இருந்ததைவிட இல்லாததுதான் என்னை அதிகம் உறுத்தியது. ஆடிப்பட்டம் இல்லை. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொள்ளும் மாவுப்பூச்சி இல்லை. சித்திரை வெயிலில் மாடித்தரை கொதித்து, கறுப்புப் பைக்குள் வேர் வெந்துபோவது இல்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி மண்மேல் வெள்ளை பூத்துவிட்டால் என்ன செய்வது என்பது இல்லை. மதுரையில் மாடியில் செடி வைத்திருப்பவர் கேட்கும் கேள்விகள் இவைதாம். அந்தக் கட்டுரைகளை எழுதியவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் மேல் குற்றமும் இல்லை. தன் ஊருக்கு அவர் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்.

இனி கூகுள். ஒரே கட்டுரை பல இடங்களில் இருந்தால் அது தண்டனை எதுவும் தருவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டும், மற்றவற்றை ஓரமாக ஒதுக்கிவிடும். அந்த ஒன்று நேற்று முளைத்த உங்கள் தளமாக இருக்கப்போவதில்லை. தொகுப்பின் மாதிரிக் கட்டுரையிலிருந்து நீளமான ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். நான் காலம் கடந்து தேடினேன்; நாற்பது தளங்கள் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். மொழிபெயர்த்துப் போட்டால் இந்தச் சிக்கல் இல்லையே என்பீர்கள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். ஆனால் 2011 பிப்ரவரியில் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்த பாண்டா என்ற மாற்றமே சரக்கில்லாத பக்கங்களைக் குவிக்கும் தளங்களைக் கீழே தள்ளத்தான் வந்தது. அமெரிக்காவில் தேடப்பட்டவற்றில் ஏறத்தாழ 12 விழுக்காட்டின் முடிவுகள் அப்போது மாறின. தேடலில் முந்துவதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் விதிமீறலாகவே பார்ப்போம் என்று 2024 மார்ச்சில் கூகுள் தன் விதியில் சேர்த்தது. கணினி மொழிபெயர்ப்பைத் திருத்தாமல் கொட்டுவதும் அந்த வகைதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. வாங்கும்போது வரும் உரிமப் பத்திரத்தைப் பத்திரப்படுத்துங்கள். மொழிபெயர்க்கலாமா, அச்சில் போடலாமா என்பதெல்லாம் விற்பவருக்கு விற்பவர் மாறும். ஆள் வைத்து எழுதி வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். கால அளவு குறிக்கவில்லையென்றால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும்; எல்லை குறிக்கவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். "காசு கொடுத்தாயிற்று, கட்டுரை என்னுடையது" என்று வாய்ப்பேச்சில் விடுவது பின்னால் தகராறில் முடியும்.

சும்மா கிடைப்பதை எடுக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். விக்கிப்பீடியாவை எடுக்கலாம், மூலத்தைச் சுட்ட வேண்டும், உங்கள் பக்கத்தையும் அதே திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு கடந்த எழுத்தும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் தடையில்லாதவை. அரசுத் தளத்தில் உள்ளதெல்லாம் பொதுச்சொத்து என்பது மட்டும் தவறான நம்பிக்கை. இங்கே அரசு வெளியீட்டுக்கும் 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. சட்டங்கள், தீர்ப்புகள் போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். எண்பத்தெட்டு கட்டுரைகளை அழித்தேன். மீதிப் பன்னிரண்டில் தலைப்பையும் உட்தலைப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு அவை உதவின, மறுக்கவில்லை. எந்தெந்தச் சங்கதியைத் தொட வேண்டும் என்று ஒரு வரிசை கிடைத்தது. சதையெல்லாம் நான்தான் வைக்க வேண்டியிருந்தது. தக்காளிக்காகப் பதினான்கு நாற்று வைத்தேன். ஐந்து வாடிப்போயின, ஒன்றைக் குரங்கு பிடுங்கியது. எட்டில் காய் பார்த்தேன். வாடியதையும் படம் எடுத்துப் போட்டேன். அந்த ஒரு பக்கத்தை எழுத மூன்று மாதம் ஆயிற்று. இன்றும் என் தளத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குத்தான் வருகிறார்கள். அதிலும் வாடிய செடியின் படத்துக்குக் கீழேதான் கேள்விகள் குவிகின்றன.

அது வெளியான அன்று சிவகங்கை அம்மையாருக்குத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். நம் பக்கம் உறைபனி விழாது, அந்த வரி என் பிழை, ஆடியில் தாராளமாக நாற்று விடலாம் என்றேன். மறுநாள் பதில் வந்தது: "அது எனக்குத் தெரியும் தம்பி. முப்பது வருடமாக ஆடியில்தான் விடுகிறேன். படித்தவர் நீங்கள் வேறு மாதிரி எழுதியிருந்தீர்களே என்றுதான் கேட்டேன்."