கடலை கொழுந்து மஞ்சளானதுக்கு யூரியா மருந்தில்லை

சகோ, தொடர்மழைக்கப்புறம் கடலைச் செடியில கொழுந்து மட்டும் மஞ்சளா வருது, நரம்பு பச்சையாவே இருக்கு, யூரியா போட்டும் மாறலை, மண்ணு சுக்கான் மண்ணுன்னு (சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணு) சொல்றீங்க. இது யூரியா தர்ற தழைச்சத்தோட (நைட்ரஜன்) குறை இல்லைங்க, அப்படின்னா அடியிலை தான் முதல்ல மஞ்சளாகும். இது இரும்புச்சத்துக் குறை.

வெளிக்காத்துல கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம் தான், ஆனா வேரும் நுண்ணுயிரும் மூச்சு விடுறதால மண்ணுக்குள்ள சாதாரணமாவே அதைவிட பல மடங்கு இருக்கும், மழைத்தண்ணி மண்ணோட துளையை அடைச்சுட்டா அது வெளிய போக வழியில்லாம தேங்கி, சுண்ணாம்போட சேர்ந்து பைகார்பனேட்டா மாறிடும், அது இருக்கிற வரைக்கும் மண்ணுல எவ்வளவு இரும்பு இருந்தாலும் வேரால சரியா எடுக்க முடியாது. சந்தேகம்னா ஒரு பிடி மண்ணுல எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, நுரை பொங்குனா சுண்ணாம்பு இருக்கு.

தயவுசெஞ்சு இன்னும் யூரியா போடாதீங்க, காசு தான் வீண். முதல்ல வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிங்க, மண்ணு பொருபொருன்னு ஆனதும் லேசா கொத்தி விடுங்க (விழுது, அதாவது பூவுல இருந்து மண்ணுக்குள்ள போய் காய் ஆகுற காம்பு, இறங்கியிருந்தா கொத்த வேணாம்). அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கலந்து சாயங்காலமா இலையில தெளிங்க, பத்து நாள் கழிச்சு இன்னொரு தடவை. குணமாகுதான்னு தெரிய, ஏற்கனவே மஞ்சளான இலைய விட, புதுசா வர்ற கொழுந்தைப் பாருங்க.