வகுத்துப் பார்க்காமலே முதன்மை எண்ணை அறிவது எப்படி?

கேள்வி: 2 இன் 136,279,841 ஆம் வலுவிலிருந்து 1 ஐக் கழித்தால் வரும் எண், அறியப்பட்ட முதன்மை எண்களுள் மிகப் பெரியதென 2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்டது. அதில் 41,024,320 இலக்கங்கள் உள்ளனவாம். இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணி இல்லையென்று யார் வகுத்துப் பார்த்தார்கள்?
– உயர்தர மாணவி ஒருவர், கொக்குவில்

பதில்: எவரும் வகுத்துப் பார்க்கவில்லை, வகுத்துப் பார்த்து முடிக்கவும் இயலாது. பக்கத்துக்கு 5,000 இலக்கங்கள் வீதம் அச்சிட்டாலே 8,205 பக்கங்கள் வேண்டிய அந்த எண்ணின் வர்க்கமூலம்வரை காரணி தேடுவதாயின், இரண்டு கோடி இலக்கங்கள் கொண்ட வகுத்திகள்வரை செல்ல வேண்டியிருக்கும். உதவுவது அந்த எண்ணின் வடிவமே. 2 இன் வலுவொன்றில் 1 குறைந்த முதன்மை எண்களை மேர்சென் முதன்மை எண்கள் என்பர். இவ்வடிவ எண்களைச் சோதிக்கும் முறையொன்றைப் பிரெஞ்சுக் கணிதர் லூக்காஸ் 19 ஆம் நூற்றாண்டில் வகுத்தார்; பின்னர் அமெரிக்கரான லேமர் அதனைச் செப்பனிட்டார்.

அம்முறையைச் சிறிய எண்ணொன்றில் பார்ப்போம். 2 இன் வலுவைக் குறிக்கும் சுட்டி 7 ஆகும்போது எண் 127. நாலில் தொடங்கி, வர்க்கித்து, 2 ஐக் கழித்து, 127 ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இதனைச் சுட்டியிலும் இரண்டு குறைவாக, அதாவது ஐந்து தடவை, செய்ய வேண்டும். மீதிகள் 14, 67, 42, 111 என வரும்; ஐந்தாம் தடவை கிடைக்கும் 12,319 ஆனது 127 இன் 97 மடங்கு என்பதால் மீதி பூச்சியம். ஒற்றை முதன்மை எண்ணொன்று சுட்டியாக உள்ளபோது, இறுதி மீதி பூச்சியமாயின் அவ்வெண் முதன்மை எண், இல்லையேல் சேர்த்தி எண் என்பது நிறுவப்பட்ட தேற்றம். 2024 இன் எண் முதலில், முதன்மை எண்ணாக இருக்கக்கூடுமா என்பதை மட்டும் காட்டும் பேர்மாவின் சோதனையில் தேறி, பின்னர் இம்முறையாலேயே உறுதிசெய்யப்பட்டது. இருமத்தில் எழுதினால் அது முழுவதும் 1 ஆகவே இருக்குமாதலால், அதனால் வகுத்து மீதி காண்பது, மேற்பாதியை வெட்டிக் கீழ்ப்பாதியுடன் கூட்டும் எளிய வேலையாகிவிடுகிறது. அண்மைக்காலச் சாதனை எண்கள் பெரும்பாலும் இவ்வினத்தைச் சேர்ந்தவையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதிலும் வியப்பானது, காரணி எதுவென்று தெரியாமலே காரணி உண்டென்று நிறுவ முடிவது. 2 இன் 67 ஆம் வலுவில் 1 குறைந்த எண் சேர்த்தி எண்ணென லூக்காஸ் 1876 இல் காட்டினார். அதன் காரணிகளான 193,707,721, 761,838,257,287 ஆகியவற்றைக் கோல் என்பவர் வெளியிட்டது 1903 இல்தான். இருபத்தேழு ஆண்டுகளாக அது முதன்மை எண் அன்று என்பது மட்டுமே தெரிந்திருந்தது.

கேள்வி: 2024 இல் அறிவிக்கப்பட்ட அதே எண்ணின் கடைசி இலக்கத்தைக் கணினியின்றிக் கூற முடியுமா?
– வாசகர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: முடியும். 2 இன் வலுக்களின் கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6 எனச் சுழல்வன. சுட்டியை 4 ஆல் வகுக்க, அதன் இறுதி இரு இலக்கங்களான 41 ஐப் பார்த்தாலே போதும், மீதி 1. ஆகவே அவ்வலு 2 இல் முடியும். ஒன்றைக் கழித்தால் நமது எண் 1 இல் முடியும்.